கடனை எப்படி அடைப்பது, காசை எப்படி மிச்சம் பிடிப்பது: வீட்டுக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் இருபதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை வருமானம் வந்தும், தேதி இருபது ஆவதற்குள் கைமாத்து தேடுகிற தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது. பங்குச் சந்தை, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் இதில் கிடையாது. அதெல்லாம் கடன் முடிந்தவர்கள் பார்க்க வேண்டிய வேலை.

எங்கே கடன் இருக்கிறது என்றே தெளிவாகத் தெரியவில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆப் எதுவும் வேண்டாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, யாரிடம் வாங்கியது, அசல் எவ்வளவு பாக்கி, மாதம் வட்டியாக மட்டும் எவ்வளவு ரூபாய் போகிறது, முடிய எத்தனை மாதம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். இரண்டு பேரும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் தண்டல் வாங்கியது அவளுக்குத் தெரியாது, அவள் குழுவில் லோன் எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தது அவருக்குத் தெரியாது என்கிற வீடுகள்தான் அதிகம். அந்த முதல் நாள் சண்டை வரும், வரட்டும், அதைத் தள்ளிப் போட்டால் வட்டிதான் ஏறும்.

பேங்க் கடனை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடிவிடாதீர்கள். அடகுக் கடைச் சீட்டு, மளிகைக் கடைப் பாக்கி, ஸ்கூல் ஃபீஸ் பாக்கி, போன் தவணை, எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற ஏலச் சீட்டு, திருப்பிச் செய்ய வேண்டிய மொய் என்று எல்லாமே கடன்தான்.

ரெண்டு வட்டி, மூணு வட்டி என்கிறார்கள். பேங்க்கில் பன்னிரண்டு சதவீதம் என்கிறார்கள். அப்படியென்றால் வெளியில் வாங்குவதுதானே குறைவு?

இந்தக் குழப்பத்தில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். மூணு வட்டி 36, அஞ்சு வட்டி 60. பேங்க் சொல்கிற பன்னிரண்டு வருடக் கணக்கு, அதாவது நம் ஊர்ப் பேச்சில் ஒரு வட்டி.

தண்டல் இன்னும் மோசம், ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. பத்தாயிரம் என்று பேசிவிட்டு 8,500 கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வசூலிக்கிறார்கள். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். அசல் தினமும் கழிந்துகொண்டே வருவதால், சராசரியாகப் பார்த்தால் நான்காயிரத்துச் சொச்சம்தான் நூறு நாளும் உங்கள் கையில் இருக்கிறது. அதற்குத்தான் 1,500. வருடக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

பைக் லோன், டிவி லோனில் ஃப்ளாட் வட்டி என்று ஒன்று சொல்வார்கள். ஒரு லட்சம், 12 சதவீதம் ஃப்ளாட், இரண்டு வருடம் என்றால் வட்டி 24,000, மாதத் தவணை 5,167. நீங்கள் மாதாமாதம் அசலையும் கட்டி வருகிறீர்கள், வட்டியோ கடைசி வரை முழு ஒரு லட்சத்துக்குப் போட்டது. உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கும் மேல். 2024 அக்டோபரிலிருந்து தனிநபர்களுக்குக் கொடுக்கும் கடன்களில் எல்லாச் செலவும் சேர்த்த வருட சதவீதத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் அந்தத் தாளைக் கேளுங்கள்.

ஐந்தாறு கடன் இருக்கிறது. எதை முதலில் அடைப்பது?

நான் பார்த்த வரைக்கும் நம் வீடுகளில் வட்டி பார்த்து யாரும் அடைப்பதில்லை, முகம் பார்த்துத்தான் அடைக்கிறோம். யார் வாசலில் வந்து சத்தம் போடுவாரோ அவருக்கு முதலில், எந்தச் சொந்தக்காரர் நாலு பேரிடம் சொல்வாரோ அவருக்கு அடுத்து. சத்தமே போடாத கிரெடிட் கார்டு 40 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருக்கும், அதற்கு மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருப்போம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேங்க்கில் நகைக்கடன் 1,20,000, வட்டி 9.5 சதவீதம், மாதம் 950 ரூபாய். கார்டில் 40,000, மாதம் 3.5 சதவீதம், 1,400, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252, மொத்தம் 1,652. தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு 50,000, மாதம் 1,500. வாரக்குழுவில் பாக்கி 45,000, 24 சதவீதம், வட்டி சுமார் 900. மச்சானிடம் கைமாத்தாக 30,000, வட்டி இல்லை. ஆக மொத்தக் கடன் 2,85,000. வட்டி மட்டும் மாதம் ஐயாயிரம் ரூபாய்.

இதில் பெரிய கடன் நகைக்கடன், மானப் பிரச்சினை மச்சான் கடன். ஆனால் காசைத் தின்பது கார்டும் மூணு வட்டியும்தான். 90,000 ரூபாய்க் கடன் 3,152 ரூபாய் வட்டி கேட்கிறது, மிச்சம் இருக்கிற 1,95,000 கேட்பது 1,850. அதனால் எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத்தைத் தவறாமல் கட்டிக்கொண்டு, மாதம் மிஞ்சுகிற ஒவ்வொரு ரூபாயையும் கார்டில் போடுங்கள். கார்டு முடிந்ததும் அதற்குப் போய்க்கொண்டிருந்த பணம் முழுவதும் மூணு வட்டிக்குப் போகட்டும். அப்புறம் குழு, அப்புறம் நகை. மச்சானிடம் நேராகப் போய், “வட்டிக் கடனை முடிக்கிறேன், உங்களுக்கு அடுத்த தையிலிருந்து மாதம் இவ்வளவு” என்று தேதி சொல்லிவிடுங்கள். பெரும்பாலான மச்சான்களுக்குக் கோபம் பணம் வராததில் இல்லை, போனை எடுக்காததில்தான்.

சின்னக் கடனை முதலில் முடித்தால் மனசுக்கு லேசாக இருக்கும் என்கிறார்களே?

இருக்கும். ஐயாயிரம், எட்டாயிரம் என்று சில்லறைக் கடன்கள் நிறைய இருந்து தினம் ஒருவர் போன் பண்ணுகிற நிலை என்றால் அதில் ஒன்றிரண்டை முடித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதற்கு மேல் வட்டிக் கணக்குத்தான்.

பேங்க்கில் நகையை வைத்து வட்டிக் கடனை அடைக்கலாமா?

கணக்குப்படி நிச்சயம் லாபம். மேலே சொன்ன 90,000-ஐ 9.5 சதவீத நகைக்கடனாக மாற்றினால் மாத வட்டி 712 ஆகிவிடும். 2,440 மிச்சம். முன்னால் கட்டிய அதே 3,152 ரூபாயை மாதாமாதம் கணக்கில் கட்டிக்கொண்டே வந்தால் 33 மாதத்தில் அந்தக் கடனே இருக்காது. வெறும் வட்டி கட்டிக்கொண்டிருந்தால் 33 மாதம் கழித்தும் அதே 90,000 அப்படியே நிற்கும்.

ஆனால் இதைச் செய்கிறவர்களில் பலர் கவிழ்கிற இடம் ஒன்று உண்டு. கார்டு காலியானதும் அதிலேயே திரும்பவும் தேய்க்கிறார்கள். ஆறு மாதத்தில் கார்டிலும் கடன், நகையும் பேங்க்கில். நகையை வைக்கிற அன்றைக்கே கார்டை மூடக் கடிதம் கொடுக்க முடியாது என்றால் நகையை வைக்காதீர்கள்.

அடகுக் கடையில் ரெண்டு வட்டிக்கு வைத்திருக்கும் நகையைக் கூட்டுறவு வங்கிக்கோ பொதுத்துறை வங்கிக்கோ மாற்றுவது இன்னொரு நல்ல வேலை. ஒரு நாள் அலைச்சல், அடகை மீட்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கைமாத்து, அவ்வளவுதான், வட்டி பாதிக்கும் கீழே வந்துவிடும். 2026 ஏப்ரல் 1 முதலான ரிசர்வ் வங்கி விதிகளில், இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம் கடன் தரலாம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. முழுவதும் கட்டி முடித்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும். இது வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும்தான், தெருமுனை அடகுக் கடைக்குப் பொருந்தாது. அதிகம் கிடைக்கிறதே என்று 85 சதவீதமும் வாங்கிவிடாதீர்கள். வட்டி ஏற ஏற நகையே மூழ்கிப் போகும்.

வட்டி கட்டிக் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே இருக்கிறோம். நகையை விற்றுவிடலாமா?

இதைச் சொன்னால் வீட்டில் அடி விழும், ஆனாலும் சொல்கிறேன். மூன்று வருடமாகத் திருப்ப முடியாத நகை கழுத்துக்குத் திரும்பி வருமா என்று நேர்மையாக யோசியுங்கள். வராது என்று தெரிந்தால், ஏலத்துக்குப் போகும் முன் நீங்களே மீட்டு விற்பதுதான் நல்லது. விலை பேசும் உரிமை உங்கள் கையில் இருக்கும். ஏலம் போனாலும் கடனும் வட்டியும் போக மிச்சம் உங்களுக்குத்தான் வர வேண்டும், அதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் விட்டவர்கள் உண்டு.

தங்கம் விலை ஏறுகிறதே, விற்றால் நஷ்டமாச்சே என்பார்கள். ஒன்பது சதவீத வட்டியில் இருக்கும் நகைக்கு அந்த வாதம் ஓரளவு செல்லும். மூணு வட்டியில் இருக்கும் நகைக்குச் செல்லாது. எதை விற்பது என்றால், தாலிச் சங்கிலியையும் அம்மா போட்ட நகையையும் விட்டுவிட்டு, சீட்டில் எடுத்த மோதிரம், கல் வைத்த நெக்லஸ் மாதிரி செய்கூலி சேதாரம் கொடுத்து வாங்கிப் பெட்டியிலேயே தூங்குவதை எடுங்கள்.

கார்டில் மினிமம் டியூ கட்டினால் போதாதா?

40,000 பாக்கிக்கு மினிமம் பெரும்பாலும் 2,000 வரும். அதில் வட்டியும் வரியும் 1,652 போய்விடும். அசலில் கழிவது 348 ரூபாய். அதோடு, பாக்கி வைத்திருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றைக்கே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். கார்டில் ஏடிஎம் பணம் எடுப்பதற்குப் பாக்கி இல்லாவிட்டாலும் அதே கதிதான். பெரிய தொகையாக இருந்தால் அந்த வங்கியிடமே இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லுங்கள், 15-லிருந்து 20 சதவீதத்துக்குள் பெரும்பாலும் வரும். பாதிக்குப் பாதி லாபம்.

வாரக்குழுவில் மூன்று கம்பெனியில் லோன். ஒன்றை வாங்கி ஒன்றைக் கட்டுகிறோம். என்ன செய்வது?

நான்காவதை வாங்காதீர்கள். முதல் பதிலும் கடைசிப் பதிலும் இதுதான், நடுவில் கொஞ்சம் விதி சொல்கிறேன்.

2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நுண்கடன் விதிப்படி, வருடம் மூன்று லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுப்பது நுண்கடன். எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே முடித்தால் அபராதம் கிடையாது. வசூலுக்கு வருகிறவர் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது, திட்டக் கூடாது, சொந்தக்காரர்களுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது. நடப்பில் இரவு எட்டு மணிக்கு வாசலில் உட்காருகிறார்கள் என்பதும் தெரியும். முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம், காசு கிடையாது.

இந்த வாரக்குழுவையும் அரசாங்கத்தின் மகளிர் சுய உதவிக் குழுவையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். சுய உதவிக் குழுவில் நீங்களே சேமித்து, குழுவின் பெயரில் வங்கிக் கடன் வாங்குகிறீர்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்கு மூன்று லட்சம் வரை வட்டி 7 சதவீதம்தான். ஊரில் ஒழுங்காக நடக்கும் குழு இருந்தால் அதில் சேருங்கள், ஆறு மாதம் பொறுத்துக் கடன் வாங்கினாலும் லாபம்.

மீட்டர் வட்டிக்காரர் மிரட்டுகிறார். போலீசுக்குப் போனால் பிரச்சினை பெரிதாகுமா?

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்து இருக்கிறது, மூன்று வருடம் வரை ஜெயில். 2025-ல் கடன் வசூலில் மிரட்டல், வன்முறை, அவமானப்படுத்துதல் ஆகியவற்றுக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. சட்டம் இருந்தும் புகார் கொடுக்கிறவர்கள் குறைவு, ஏனென்றால் வெற்றுப் புரோநோட்டும் கையெழுத்துப் போட்ட செக்கும் அவர் கையில் இருக்கிறது.

அதனால் போகும் முன் ஆதாரம் சேருங்கள். பணத்தை ஜிபேயில் அனுப்புங்கள், கையில் கொடுத்திருந்தால் தேதியும் தொகையும் நோட்டில் எழுதுங்கள், மிரட்டல் போனைப் பதிவு செய்யுங்கள், எந்த செக் நம்பர் அவரிடம் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். ஸ்டேஷனில் மனு வாங்கவில்லை என்றால் எஸ்.பி. அலுவலகத்திலும், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, ரசீது வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், ஊரில் நாலு பேரையோ ஒரு சங்கத்தையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

கடன் நெருக்கடியில் செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், வீட்டில் யாருக்காவது வந்தால், இந்தக் கணக்கையெல்லாம் மூடி வைத்துவிட்டு 14416 அல்லது 104-க்குப் பேசுங்கள். எந்த நேரத்திலும் பேசலாம்.

தள்ளுவண்டி, பூக்கடை, இட்லிக் கடை என்று தொழிலுக்காகத் தண்டல் வாங்குகிறவர்கள், நகராட்சியில் தெருவோர வியாபாரி அட்டை வாங்கி பிஎம் ஸ்வநிதி கடன் கேட்கலாம். இப்போது முதல் கடன் 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அப்புறம் 50,000.

போன் ஆப்பில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறார்களே?

ஏழு நாளில் திருப்பிக் கேட்கிற ஆப், உங்கள் போன் நம்பர் பட்டியலையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்கிற ஆப், இரண்டையும் தொடாதீர்கள். நியாயமான ஆப்புக்குப் பின்னால் ஒரு வங்கியோ பதிவு பெற்ற நிதி நிறுவனமோ இருக்கும், அதன் பெயர் ஆப்பிலேயே இருக்கும், ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் ஆப்களின் பட்டியலும் போட்டிருக்கிறது. போட்டோவை மாற்றி அனுப்பி மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைப்பவர்களிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

மொய் எப்படிக் கடன் ஆகும்? அது சந்தோஷத்துக்குச் செய்வது இல்லையா?

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போய் இதைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். ஆடி, ஆவணியில் அங்கே மொய் விருந்து நடக்கும், கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமல் மொய்க்காகவே கறிச்சோறு போட்டு, நோட்டில் எழுதி வாங்கி, அந்தப் பணத்தில் போர்வெல் போடுவார்கள், கடை வைப்பார்கள், கடனை அடைப்பார்கள். மற்ற ஊர்களில் இவ்வளவு வெளிப்படையாக இல்லை, ஆனால் கணக்கு அதே கணக்குத்தான். வட்டியில்லாத கடன், திருப்பிக் கட்டும் தேதியை மட்டும் அடுத்தவர் வீட்டு முகூர்த்தம் முடிவு செய்கிறது.

வட்டியில்லாத கடன் என்பதால் மொய்ப் பணத்தில் 36 சதவீதக் கடனை அடைப்பது நல்ல யோசனைதான். கெட்ட யோசனை எது என்றால், மூன்று லட்சம் மொய் வரும் என்று நம்பி ஐந்து லட்சத்துக்கு மண்டபமும் பந்தியும் போடுவது. அப்புறம் வைகாசியிலும் ஆவணியிலும் மாதம் ஆறு பத்திரிகை வரும்போது வட்டிக்கு வாங்கி மொய் செய்வது. மொய் நோட்டை எடுத்து, அடுத்த வருடம் யார் யார் வீட்டில் விசேஷம் வரும் என்று ஊகித்து, அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவில் எழுதிவிடுங்கள். சீர்வரிசைக்கும் அதேதான். வாங்கியதற்கு மேல் கூட்டிப் போடுவதை ஒரு இரண்டு வருடம் நிறுத்தி, வாங்கியதை மட்டும் திருப்பிச் செய்யுங்கள். யாரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்க மாட்டார்கள்.

ஏலச் சீட்டு நல்லதா கெட்டதா?

பதிவு செய்த சீட்டா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. 1982-ஆம் வருடச் சட்டப்படி சீட்டு பதிவு செய்யப்பட வேண்டும், தமிழ்நாட்டில் பதிவுத்துறைதான் அதைப் பார்க்கிறது. தெரிந்த அக்கா நடத்துகிற சீட்டுக்குப் பதிவு இருக்காது. அக்கா நல்லவராகவே இருக்கலாம், ஆனால் எடுத்தவர்களில் இரண்டு பேர் கட்டாமல் போனால் அக்காவால் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று, கடைசி வரை எடுக்காமல் இருப்பவருக்குச் சீட்டு சேமிப்பு, ஆரம்பத்தில் தள்ளி எடுப்பவருக்கு அது கடன். ஒரு லட்சம் சீட்டை 30,000 தள்ளி எடுத்தால் உங்களுக்கு வந்தது 70,000, கட்டப்போவது அதைவிட நன்றாக அதிகம். இந்த வித்தியாசத்தை வட்டியாகப் பார்த்து, மூணு வட்டியோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மாதம் ஐந்து, பத்து சதவீதம் தருகிறேன் என்று சொல்கிற கம்பெனிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

செலவை எங்கே குறைப்பது? டீ குடிப்பதை நிறுத்தச் சொல்வீர்களா?

டீயைக் குடியுங்கள். டீயில் மிச்சம் பிடித்து யாரும் கடன் அடைத்ததில்லை.

கரண்டு பில்லில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் நூறு இலவசம் போக அடுத்த நூறு யூனிட் இரண்டரை ரூபாய்க்குள்தான். 501 ஆனவுடன் அந்த மலிவுப் படியே போய்விடும், அந்த நூறும் 4.80 விலைக்கு மாறும். ஆக அந்த ஒரு யூனிட்டுக்காக மட்டும் இருநூற்று நாற்பது ரூபாய்க்கு மேல். 2024 ஜூலைக் கட்டணப்படி சொல்கிறேன். உங்கள் வீடு 520, 550 என்று நிற்கிற வீடு என்றால் அந்தச் சொச்சத்தைக் குறைப்பதுதான் வேலை. பழைய 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் 22 யூனிட்டுக்குள். அதிகம் ஓடுகிற ஃபேன் இரண்டை மாற்றினாலே 60 யூனிட்டுக்கு மேல் குறையும்.

மருந்து அடுத்தது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மாதம் ஆயிரத்துக்கு மேல் கொடுக்கிற வீடுகள் ஏராளம். அதே மருந்து ஜெனரிக்காக மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் பல மடங்கு குறைவு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும். டாக்டரிடம் மருந்தின் வேதிப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். வருட வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இன்றைக்கே எடுத்து வையுங்கள், குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை. நல்ல குடும்பம் ஒரே வாரத்தில் கடனாளியாவது ஆஸ்பத்திரியில்தான், அந்த நேரத்தில் போய் அட்டைக்கு அலைய முடியாது.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. கௌரவம் பார்க்காமல் வாங்குங்கள். வெள்ளைப் பலகை டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் கிடையாது, ஷேர் ஆட்டோவுக்குத் தினம் நாற்பது கொடுப்பவர் இருபத்தைந்து நாளுக்குக் கணக்குப் போட்டால் ஆயிரம். காய்கறிக்கு உழவர் சந்தை. மளிகையை மாதம் ஒருமுறை பட்டியல் எழுதி வாங்குங்கள், பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்பை போனிலிருந்து எடுத்துவிடுங்கள், தக்காளி வாங்கப் போய் ஐஸ்கிரீமோடு வருவது அங்கேதான்.

அப்புறம் யாரும் நோட்டில் எழுதாத ஒரு செலவு. குவார்ட்டர் குறைந்தது 140 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாதம் 4,200, சைடு டிஷ் தனி. மேலே சொன்ன குடும்பத்தின் மொத்த வட்டிக்கு அருகில் வந்துவிட்டது. இதை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவள் பால் பாக்கெட்டில் மிச்சம் பிடிக்கவில்லை என்று பேசுவதில் அர்த்தமில்லை.

கடன் இருக்கும்போது சேமிக்க வேண்டுமா?

கொஞ்சம். பத்தாயிரம், முடிந்தால் இருபதாயிரம், எளிதில் எடுக்காத வேறொரு கணக்கில் வையுங்கள். இது இல்லையென்றால் வண்டி பஞ்சரானாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மறுபடி தண்டல்தான். அதற்கு மேல் சேமிப்பு, கடன் முடியும் வரை வேண்டாம். அஞ்சலகத் தொடர் வைப்பில் கிடைப்பது ஏழு சதவீதத்தை ஒட்டித்தான், 36 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு அதில் போடுவது நஷ்டம். நகைக் கடையின் பதினொரு மாதச் சேமிப்புத் திட்டத்துக்கும் இதுவே பதில்.

விதிவிலக்கு காப்பீடு. வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கும் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் பிடிக்கிற பிரதமர் திட்டங்கள் இரண்டும், ஒவ்வொன்றும் இரண்டு லட்சம். சம்பாதிக்கிறவர் பெயரில் கண்டிப்பாக இருக்கட்டும்.

வீடு கட்டிய லோனை சீக்கிரம் முடிக்க வேண்டுமா?

மற்றக் கடன்கள் எல்லாம் முடிந்தபின். இருப்பதிலேயே வட்டி குறைவான கடன் இதுதான், அவசரமில்லை. ஆனால் கையில் போனஸ் வந்தால் போடுங்கள். 25 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் தவணை 21,700 ரூபாய்க்கு ஒட்டி வரும். வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் மூன்று வருடத்துக்கு மேல் குறைந்துவிடும். மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் கேட்க முடியாது.

2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது தான் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டியை, 6.5-லிருந்து 5.25-க்குப் படிப்படியாகக் குறைத்தது. உங்கள் லோன் 2019-க்கு முந்தைய பழைய முறையில் இருந்தால் இந்தக் குறைப்பு முழுவதும் உங்களுக்கு வந்திருக்காது. கிளைக்குப் போய் ரெப்போவோடு இணைந்த முறைக்கு மாற்றிக் கேளுங்கள், சிறு கட்டணம் இருக்கும், பரவாயில்லை.

பாதி கட்டினால் போதும், செட்டில்மெண்ட் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

வேறு வழியே இல்லையென்றால் மட்டும். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபில் அறிக்கையில் “முடிந்தது” என்று வராமல் “செட்டில்டு” என்று வரும், பல வருடம் நிற்கும், அடுத்து யாரும் எளிதில் கடன் தர மாட்டார்கள். (அதுவும் ஒருவகையில் நல்லதுதானோ என்று சிலரைப் பார்த்தால் தோன்றும்.) ஒத்துக்கொண்டால், பணம் கட்டும் முன் அந்த வங்கியின் கடிதம் கையில் வர வேண்டும். ஏஜென்ட் வாட்ஸப்பில் அனுப்புவதை நம்பி அவர் சொல்லும் நம்பருக்குப் பணம் போடாதீர்கள். வருடம் ஒருமுறை அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம், பார்த்தால் நீங்கள் வாங்காத கடன்கூட உங்கள் பெயரில் இருப்பது சில நேரம் தெரியும்.

சொந்தக்காரர் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்.

போடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் அது உங்கள் கடன்.

கடைசித் தவணை கட்டியாகிவிட்டது. வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பணம் கட்டியவுடன் எல்லாம் முடிந்தது என்று பலர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வெளியில் வாங்கியது என்றால் புரோநோட்டையும் செக்கையும் திருப்பி வாங்கி, அங்கேயே கிழியுங்கள். “தேடித் தருகிறேன்” என்று அவர் சொன்னால், முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் கடைசித் தொகையைக் கொடுக்காதீர்கள். வண்டிக் கடன் என்றால் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்டிஓவில் ஆர்சி புத்தகத்திலிருந்து நிதி நிறுவனத்தின் பெயரை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் விற்கும்போது சிக்கல்.

வீட்டு லோன் முடிந்தால் மூலப் பத்திரத்தை 30 நாளுக்குள் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இது ரிசர்வ் வங்கி விதி, தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் வந்தபின் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதையும் பதிவு செய்து, ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அடமானம் நீங்கியது அதில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் வங்கிக்கு ஒரு கடிதம், நகலில் முத்திரையோடு.